இன்னும் திறக்கப்படாத நிலையம்

ஜகார்த்தா
9 செப்டம்பர் 1997

அன்புள்ள உனி நிடார்,

என் மகளின் பள்ளி நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். அலுவலகத் தாளில் நான் எதை எழுதினாலும் செயலகம் அதற்கு ஓர் எண் போட்டு மூன்று பிரதி எடுக்கிறது. எண் விழுந்த பிறகு நான் சொல்ல வந்தது மட்டும் அதில் இருப்பதில்லை.

முதலில் ஏதாவது நல்ல செய்தி எழுதலாம் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ரூபியா விழுந்துகொண்டே இருப்பதால் செலவைக் குறைக்கச் சொல்லி எல்லாருக்கும் உத்தரவு. இன்னும் ஒரு மாதத்துக்குள் நம் மையம் ஓர் ஆய்வு நிலையத்தை மூட வேண்டும். திட்டச் செயலர் பாக் தார்மந்தோ உங்கள் நிலையத்தின் பெயரோடு வந்து நின்றார்.

"இந்தப் புக்கிட் தாலாங் என்னம்மா பண்ணுது?"

"வானத்தோட மேல்தட்டை அளக்குது. கால் மணிக்கு ஒருதரம் ரேடியோ அலையை மேல அனுப்பி, திரும்பி வர்றதைப் பதிவு பண்ணுது."

"எவ்வளவு நாளா?"

"பத்து வருஷத்துக்கு மேல."

"இன்னுமா முடியல?"

சூரியன் ஒரு சுற்று ஏறி இறங்கப் பதினொரு வருடம் ஆகும், வரும் மார்ச் வரை விட்டால் ஒரு முழுச் சுற்றும் நம் கையில் இருக்கும், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இப்படி இடைவெளியில்லாத பதிவு வேறு யாரிடமும் இல்லை என்றேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "சூரியனைக் கொஞ்சம் முன்னாடி முடிக்கச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அவர் வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதிகாரிகளின் மனைவிமார் சங்கத்திலிருந்து "இயக்குநரின் துணைவியாருக்கு" என்று அச்சடித்த அழைப்பு இந்த மாதமும் என் கணவருக்கு வந்தது. கேக் அலங்காரப் போட்டிக்கு அவர்தான் நடுவர். போய்விட்டு வந்தார். அவர் பல் மருத்துவர். கேக்கைப் பார்த்து அவர் சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லையாம்.

என்னால் முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன். என்னால் எவ்வளவு முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

ரெத்னோ


புக்கிட் தாலாங்
17 செப்டம்பர் 1997

ரெத்னோ,

இயக்குநர் ஆன பிறகும் என்னை உனி என்று அக்கா முறை வைத்தே கூப்பிடுகிறாய். அதற்காகத்தான் பதில் எழுதுகிறேன், கடிதத்துக்காக அல்ல.

"தள்ளிப்போடுகிறேன்" என்கிறாய். முன்பெல்லாம் நீ "செய்கிறேன்", "மாட்டேன்" என்று இரண்டு சொற்களில் வாழ்ந்தவள். கியோட்டோவில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, மழையில் ஆன்டெனாக் கம்பத்தில் ஏறி, கீழே நின்ற என்னைப் பார்த்து, "உனி, கயித்தைப் பிடிங்க, என்னைப் பிடிக்க வேணாம்"னு கத்தினாயே, அந்தப் பெண்ணுக்கு யார் இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள்? தலைமையகத்துக்கு இரண்டு வருடத்துக்கு என்று போனாய். பிரிவுத் தலைவர் ஆனாய், துணை இயக்குநர் ஆனாய், இயக்குநர் ஆனாய். ஒவ்வொரு தடவையும் நாங்கள் இங்கே சந்தோஷப்பட்டோம். ஒவ்வொரு தடவையும் இங்கே ஒரு வேலை ஆள் குறைந்தார்.

இங்கே புகை. தெற்கே காடுகள் எரிகின்றன. சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிகிறது. அதை ஆராய்பவர்களுக்கு வசதிதான்.

இந்தப் பத்து வருடத்தில் இடி இரண்டு முறை விழுந்தது, ஜெனரேட்டர் எத்தனையோ முறை செத்தது. லாரி பேட்டரிகளைக் கோத்து நம் டெக்னீஷியன் ஷஃப்ரில் கருவியை ஓட்டினான். அவன் மகன் பிறந்த அன்றுகூட ஓடியது. மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு முழு நாள் காலியாகப் போனதில்லை. அறுந்த பதிவை ஒட்டவைக்க முடியாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் வரை எனக்கு வேண்டும். அதன் பிறகு இந்த இடத்தில் கோழி வளர்த்துக்கொள்ளுங்கள்.

யுஸ்னிடார்


ஜகார்த்தா
25 செப்டம்பர் 1997

அன்புள்ள உனி,

நீங்கள் திட்டியதெல்லாம் சரி. ஒரு வழி கிடைத்திருக்கிறது. படித்ததும் கோபம் வரும். ஒரு காப்பி குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

1987-இல் கருவி வந்தபோது, அமைச்சருக்கு நேரம் கிடைக்கும்வரை இயக்கக் கூடாது என்று தலைமையகத்திலிருந்து ஓர் ஆணை வந்தது நினைவிருக்கிறதா? கேபிள் வந்த அன்றே நாம் போட்டுவிட்டோம். விழா நடக்கவேயில்லை. நேற்று பாக் தார்மந்தோ கோப்பைப் புரட்டிவிட்டு முகம் மலர்ந்து வந்தார்.

"அம்மா, நல்ல செய்தி. மூடறது ரொம்பச் சுலபம். இந்த நிலையம் இன்னும் திறக்கவே இல்லை."

"பத்து வருஷமா ஓடுதே."

"ஓடறது வேற, திறக்கறது வேற. திறக்காததை மூட உங்க ஒரு கையெழுத்துப் போதும். திறந்திருந்தாத்தான் தொல்லை. திறந்தவர்கிட்ட அனுமதி கேக்கணும்."

"திறந்தவர் இப்போதைய அமைச்சரா இருந்தா?"

"ஐயோ. அவர் கையால கல்வெட்டுல கையெழுத்துப் போட்டதை மூடுறோம்னு யாரும்மா போய்ச் சொல்றது?"

நான் எதற்கு அடிபோடுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அக்டோபர் மத்தியில் அமைச்சர் உங்கள் பக்கம், பாடாங்குக்கு, ஒரு பாலம் திறக்க வருகிறார். அரை நாள் மிச்சமிருக்கிறதாம். புக்கிட் தாலாங் நிலையத்தை அவர் திறந்துவைக்கட்டும். பொய் இல்லை, உனி. உண்மையிலேயே அது திறக்கப்படவில்லை. நம் வாழ்க்கையில் ஒழுங்கீனமாகச் செய்த ஒரே காரியம் இப்போது கை கொடுக்கிறது.

ரெத்னோ


புக்கிட் தாலாங்
3 அக்டோபர் 1997

ரெத்னோ,

காப்பி குடித்தேன். கோபம் போகவில்லை, ஆனால் உன் மூளை துருப்பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

உன் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். துருப்பிடித்த பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். புது நிலையத்துக்குப் பழைய பலகை ஆகாதாம். வேலிக்கு வெள்ளையடித்தார்கள். வேலிக்கு வெளியே கிடந்த கற்களுக்கும் அடித்தார்கள். கருவியின் முதுகில் அது தயாரான ஆண்டு பொறித்த தகடு இருக்கிறதல்லவா, அதன்மேல் கொடி ஒட்டினார்கள். ஊர்க்காரர்கள் எருமை வெட்டப்போகிறார்கள். "பத்து வருஷமா இங்க என்னதான் பண்ணீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது உனி, விழாவுக்குத் தயார் பண்ணிட்டு இருந்திருக்கீங்க" என்று ஊர்த் தலைவர் என்னிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்றைத் தவிர. அமைச்சர் பொத்தானை அழுத்தும்போது திரை உயிர் பெற வேண்டுமாம், அதற்கு முன் அது இருட்டாக இருக்க வேண்டுமாம். வேறெங்கோ ஒரு விழாவில் அவர் அழுத்துவதற்கு முன்பே விளக்குகள் எரிந்து அது பத்திரிகையில் படமாக வந்துவிட்டதால் இந்தக் கண்டிப்பு என்று அமைச்சரின் விழா ஏற்பாடுகளைப் பார்க்கும் நெறிமுறை அதிகாரி சொல்கிறார். சரி. பொத்தானைத் திரைக்கும் சங்குக்கும் இணைக்கிறோம். கருவிக்கு இணைக்க மாட்டோம். திரை இருட்டாக இருக்கும். பின்னால் கருவி ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு நீ வாக்குக் கொடுத்தால்தான் நான் புது கெபாயா தைக்கக் கொடுப்பேன்.

யுஸ்னிடார்


ஜகார்த்தா
8 அக்டோபர் 1997

உனி,

திரை மட்டும். வாக்கு.

கெபாயாவுக்குப் பச்சை வேண்டாம். அமைச்சரின் மனைவி பச்சை உடுத்துகிறாராம், சுற்றறிக்கை வந்திருக்கிறது.

ரெத்னோ


புக்கிட் தாலாங்
21 அக்டோபர் 1997

மதிப்பிற்குரிய இயக்குநர் முனைவர் ரெத்னோ பலுப்பி அவர்களுக்கு,

தாங்கள் நேரில் இருந்து விழாவைப் பார்த்துவிட்டு, என்னோடு பேசாமல், அமைச்சரின் வண்டி வரிசையிலேயே இறங்கிப் போய்விட்டதால், அதற்கு முன் நடந்தவற்றை அறிக்கையாகத் தருகிறேன். இதற்கு எண் போட்டுக்கொள்ளலாம்.

ஒத்திகையின்போது நெறிமுறை அதிகாரி கூடத்தின் நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்னம்மா இது, சத்தம்?"

"ஃபேன்."

"எதோட ஃபேன்?"

"கருவியோட."

"கருவி ஓடுதா?"

"ஓடுது."

"அமைச்சர் இன்னும் வரலையே!"

"அவர் வரலைன்னா என்ன சார், வானம் வந்திருச்சே" என்றான் ஷஃப்ரில். அவன் வாயை மூட நான் முயன்றேன்.

"தொடங்கிவைக்காத கருவி எப்படிம்மா ஓடும்?"

"பத்து வருஷமா ஓடிட்டுத்தான் இருக்கு."

"அப்படி மட்டும் சொல்லாதீங்க. அப்புறம் நாளைக்கு அவர் எதுக்கு வர்றாரு?"

நியாயமான கேள்வி. மழை வந்தால், காற்றடித்தால், ஆடு கத்தினால்கூடச் செத்துப்போகும் எங்கள் தொலைபேசி அன்று பார்த்து வேலை செய்தது. அவர் தங்களிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"உனி, அணைச்சிடுங்க. ஒரு ராத்திரிதான்."

"நீ வாக்குக் குடுத்த."

"குடுத்தேன். அணைச்சிடுங்க."

அணைத்தேன். ஷஃப்ரில் மாட்டேன் என்று வெளியே போய்விட்டான். என் கையால்தான் அணைத்தேன். நெறிமுறை அதிகாரி சுவிட்சின்மேல் காகிதப் பட்டை ஒட்டி முத்திரை வைத்தார். மறுநாள் பாடாங் விமான நிலையம் புகையால் மூடிக்கிடந்தது. எருமை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதால் ஊர் சாப்பிட்டது. அமைச்சர் வரும்வரையாவது ஓட்டிக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். இந்த வயதில், வெற்றிலைத் தட்டு ஏந்தி நடனமாட வந்து காத்திருந்த பெண்கள் முன்னால், கெஞ்சினேன். "முத்திரையைப் பிரிச்சா நான் திரும்ப வைக்க முடியாதும்மா, மை பாடாங்குல இருக்கு" என்றார். அதற்கடுத்த நாளும் புகை. வாழ்த்துப் பூப்பலகைகளில் பூக்கள் கறுத்துவிட்டன. அமைச்சர் வந்து சேர்ந்தபோது கருவி நின்று மூன்று நாள் ஆகியிருந்தது.

அவர் நல்ல மனிதர்தான். இருமிக்கொண்டே அழுத்தினார். சங்கு ஊதியது, திரை ஒளிர்ந்தது. "எதுவரைக்கும் தெரியும்?" என்று கேட்டார். சொன்னேன். "எல்லாரும் ஏன் இவ்வளவு களைச்சிருக்கீங்க?" என்றும் கேட்டார். தாங்கள் பக்கத்தில் நின்று, "உற்சாகத்துல தூங்கல சார்" என்று சொன்னீர்கள். அந்தப் பதிலை நான் பாராட்டுகிறேன்.

இப்படிக்கு,
யுஸ்னிடார்
நிலையப் பொறுப்பாளர்


ஜகார்த்தா
4 நவம்பர் 1997

உனி,

நிலையம் மூடும் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. டீசலுக்கும் சம்பளத்துக்கும் மார்ச் வரை ஒதுக்கீடு வந்துவிட்டது. பட்டியலில் இப்போது மலுக்குவில் உள்ள ஒரு நிலையம் இருக்கிறது. அதன் பொறுப்பாளர் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. அதனால் அவரைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிகிறது.

நான் மறுத்திருந்தால் அமைச்சரின் அரை நாளை ஒரு செருப்புத் தொழிற்சாலைக்குக் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவெடுத்தேன் என்று எழுத ஆசை. எடைபோடவில்லை. தொலைபேசியில் ஓர் அதிகாரி பதறுகிறார், பதறுபவரை அமைதிப்படுத்த என்ன சொல்ல வேண்டுமோ அது என் வாயிலிருந்து தானாக வருகிறது. இந்த நாற்காலியில் அதுதான் என் வேலை. அதை நன்றாகச் செய்வதாகச் சொல்கிறார்கள்.

அன்று உங்களோடு பேசாமல் போனது வேறு காரணத்தால். கூடத்தில் திரை ஒளிர்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிர்ந்ததற்காக அல்ல. அதில் என்ன தெரிகிறது என்று சட்டென்று எனக்குப் படிக்க வரவில்லை.

ரெத்னோ


புக்கிட் தாலாங்
14 ஏப்ரல் 1998

ரெத்னோ,

ஐந்து மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். பிறகு வேலை. இப்போது அசதி. பின்னவை இரண்டும் சேர்ந்து கோபத்தைத் தேய்த்துவிட்டன. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வேன்.

பதினொரு வருடம் முடிந்தது. கட்டுரையின் கைப்பிரதி இத்துடன். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது உன்னுடையது. இதில் உன் தயவு ஒன்றும் இல்லை, என் தயவும் இல்லை. இந்த அளவீட்டை இப்படிச் செய்ய வேண்டும் என்று வரைந்தது நீ. நீ எதிர்பார்த்ததே நடந்திருக்கிறது: சூரியன் ஏறும்போது அந்தி நேரத்தில் மேல்தட்டு உயர்கிறது. நீ எதிர்பார்க்காததும் நடந்திருக்கிறது: இறங்கும்போது அதே வழியில் இறங்கவில்லை. ஒன்பதாம் படத்தைப் பார். அலுவலகத்தில் பார்க்காதே, வீட்டில் பார்.

நான்காம் பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறேன். அக்டோபரில் மூன்று நாள் பதிவு இல்லாததற்குக் காரணம் எழுத வேண்டும். நான் எழுதினால் நிலையத்திலிருந்து தலைமையகத்துக்குப் போகும் புகார்போல வருகிறது. நீ எழுது.

யுஸ்னிடார்


ஜகார்த்தா
27 ஏப்ரல் 1998

அன்புள்ள உனி,

ஒன்பதாம் படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். என் கணவர், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். சோறு ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். நாம் இருவரும் இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்கு அந்த ஒரு படம் போதும்.

காலியிடத்துக்கு வருகிறேன். அந்த மூன்று நாளை இருபுறத்து நாள்களின் சராசரியால் நிரப்பிவிடலாம். பலர் செய்கிறார்கள், முடிவு மாறாது. அது பிடிக்காவிட்டால் "பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது" என்று போடலாம். சின்னச் சொல், யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். எங்கள் மையம் உட்பட எல்லா ஆய்வு மையங்களுக்கும் மேலான தலைவர் பதவிக்கு மூன்று பேரின் பெயர் போயிருக்கிறது. ஒன்று என்னுடையது. அந்த நாற்காலியில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. அதில் உட்கார்ந்தால் திறப்பு விழா இல்லாமலே நிலையங்களைக் காப்பாற்ற முடியும் என்று நினைக்கிறேன். கடந்த ஒவ்வொரு பதவியிலும் இப்படித்தான் நினைத்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

ரெத்னோ


புக்கிட் தாலாங்
6 மே 1998

ரெத்னோ,

"பராமரிப்பு" என்று நீ போடப்போகிறாய் என்று ஷஃப்ரிலிடம் சொன்னேன்.

"அப்போ நான் என்னத்தையோ கெடுத்துட்டு மூணு நாளா ரிப்பேர் பண்ணினேன்னு அர்த்தமா?"

"அப்படித்தான் படிப்பாங்க."

"ஓவர்டைம் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ எதுக்கு உனி நான் கெடுக்கணும்?"

சராசரி போட்டு நிரப்பலாம் என்று எழுதினாயே, அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன், உன் கையெழுத்துதானா என்று. அந்த மூன்று நாள் மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காமல் இருந்திருக்கலாம். அதுவும் நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதத்தானே நாம் இந்தத் தொழிலுக்கு வந்தோம். மற்ற எல்லாத் தொழிலிலும் சம்பளம் அதிகம்.

நீ தலைவர் ஆக வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இதைக் கிண்டலாக எழுதவில்லை. கோபமாகவும் இல்லை. நீ என்ன எழுதி அனுப்பினாலும் அதையே போடுகிறேன். ஆனால் "பராமரிப்பு" என்று வந்தால் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரை முதலில் வைப்பேன். ஒன்பதாம் படமும் உனக்கே.

யுஸ்னிடார்


ஜகார்த்தா
30 ஜூன் 1998

அன்புள்ள உனி,

மே மாதக் கலவரத்தில் இங்கே நடந்ததை எழுத வேண்டாம். என் கணவரின் மருத்துவமனைக் கண்ணாடிகள் போயின, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மந்திரி சபை மாறிவிட்டது. உங்கள் கல்வெட்டில் கையெழுத்திட்டவர் இப்போது எந்தப் பதவியிலும் இல்லை. பாக் தார்மந்தோ நேற்று வந்து, "அம்மா, அவர் திறந்ததையெல்லாம் இனிமே யார்கிட்டயும் கேக்காம மூடலாம்" என்று சொன்னார். இந்த வருடத்துக்குள் புக்கிட் தாலாங்கை மூடிவிடுவார்கள். என்னால் நிறுத்த முடியாது. தள்ளிப்போடுகிறேன் என்றுகூட இந்தத் தடவை எழுதவில்லை.

தலைவர் பதவிக்கான மூன்று பெயரும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தேர்வுக் குழு எங்கள் சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கேட்டிருக்கிறது. மற்ற இருவரும் தங்கள் மாணவர்கள் எழுதியதை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. நான்காம் பக்கத்தை நிரப்பி, பிரதி எடுத்து, இன்று காலை குழுவிடம் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் அங்கேயே நின்று புரட்டினார். நான்காம் பக்கத்தில் நின்றார். "இது வேணுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டும் என்றேன்.

வாக்கியம் இது. நீங்கள் மாற்றக் கூடாது, ஒரு காற்புள்ளிகூட:

"1997 அக்டோபரில் கருவி தொடங்கிவைக்கப்படுவதற்காக மூன்று நாள் நிறுத்திவைக்கப்பட்டது, அந்த நாள்களில் வானில் என்ன நடந்தது என்று தெரியாது. நிறுத்த உத்தரவிட்டவர் இக்கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர்."

ரெத்னோ